குண்டின் சத்தத்தைப் பிடிப்பது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

வேகமாகப் பாயும் பொருளை மைக்காலும் ஒளி சென்சாராலும் பிடிப்பது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தந்திருக்கிறோம். பெரும்பாலும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சியில் இருப்பவர்கள் கேட்டவை. அதனால் வேறு குறிப்பு இல்லாத இடங்களில் அதில் சுடும் பெல்லட் என்ற சிறு ஈயக் குண்டை வைத்தே கணக்குப் போட்டிருக்கிறோம்: விட்டம் 4.5 மி.மீ., எடை சுமார் அரை கிராம், வேகம் விநாடிக்குச் சுமார் 170 மீட்டர்.

கே: என்னிடம் லேப்டாப்பும் ஒரு சாதாரண மைக்கும்தான் இருக்கின்றன. இவற்றை வைத்து பெல்லட்டின் வேகத்தை அளக்கலாமா? ஆர்டுயினோ (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணு போர்டு) வாங்கியே தீர வேண்டுமா?

ப: வாங்க வேண்டாம். மைக்கைக் குழல்வாய்க்குப் பக்கவாட்டில், ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். சுடும் சத்தமும், குண்டு போய் மோதும் சத்தமும் ஒரே பதிவில் இரண்டு மேடுகளாக விழும். ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் ஒரு மாதிரிக்கும் (ஒலியளவை ஒரு முறை எடுப்பது) அடுத்ததற்கும் 21 மைக்ரோ விநாடிதான் இடைவெளி. இந்த வேலைக்கு அது தாராளம்.

இரண்டு மேடுகளுக்கும் இடையிலுள்ள நேரத்தில் இரண்டு பயணங்கள் அடக்கம். குண்டு இலக்குக்குப் போனது ஒன்று. மோதிய சத்தம் மைக்குக்குத் திரும்பி வந்தது இன்னொன்று. இரண்டாவதைக் கழிக்க வேண்டும்:

வேகம் = தூரம் ÷ (அளந்த நேரம் − தூரம் ÷ ஒலிவேகம்)

ஒலிவேகத்துக்கு 331.3 உடன், டிகிரி செல்சியஸ் ஒவ்வொன்றுக்கும் 0.606 கூட்டிக்கொள்ளுங்கள். 30 டிகிரியில் விநாடிக்கு 349.5 மீட்டர். தூரம் 10 மீட்டர், அளந்த நேரம் 91.4 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்வோம். சத்தம் திரும்பி வர 28.6 போய்விட்டது. மீதி 62.8 மில்லி விநாடி. வேகம் 159 மீட்டர். இது வழி முழுவதற்குமான சராசரி. காற்றுத்தடையால் குண்டு போகப் போக வேகம் இழக்கும் என்பதால் குழல்வாயில் இதைவிடக் கூடுதலாகவே இருந்திருக்கும்.

தவறு நடக்கும் இடங்கள் நான்கு. மைக்கை அரை மீட்டர் தள்ளி வைத்தால் முதல் சத்தம் 1.5 மில்லி விநாடி தாமதமாகப் பதிவாகும். விடை இரண்டு சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். கைப்பேசியில் பதிந்தால் அதன் இரைச்சல் நீக்கியும் தானியங்கி ஒலிச் சரிசெய்தலும் முதல் சத்தத்தில் மிரண்டு இரண்டாவதை அமுக்கிவிடும்; பதப்படுத்தாமல் பதியும் செயலிதான் வேண்டும். மேட்டின் உச்சியைக் குறிக்காதீர்கள், அது கிளம்பும் இடத்தைக் குறியுங்கள். நான்காவது, ஸ்பிரிங் வகைத் துப்பாக்கிகளுக்கு மட்டும்: விசை விடுபட்டு பிஸ்டன் ஓடும் சத்தம், குண்டு வெளியே வருவதற்குப் பல மில்லி விநாடி முன்பே தொடங்கிவிடும். அதைத் தொடக்கமாக எடுத்தால் வேகம் குறைவாகத்தான் வரும். குழல்வாய்க்கு எதிரே சற்றுத் தள்ளி விறைப்பாக ஒரு தாளைக் கட்டி, அது கிழியும் கூர்மையான ஒலியைத் தொடக்கமாக எடுத்துக்கொண்டு, தூரத்தையும் அங்கிருந்தே அளந்தால் இந்தச் சிக்கல் தீரும்.

மோதும் சத்தம் நன்றாகக் கேட்க வேண்டும் என்று நேராக நிற்கும் இரும்புத் தகட்டில் சுடாதீர்கள். குண்டு சிதறித் திரும்பி வரும். உள்ளே சாய்ந்த தகடு வைத்த, குண்டு பிடிக்கும் பெட்டிதான் சரி. கண்ணாடி அணியாமல் எந்தச் சோதனையும் வேண்டாம்.

கே: பார்க்கிங் சென்சார் போல இரண்டு கண் வைத்த எச்.சி.எஸ்.ஆர்.04 மாட்யூல் கையில் இருக்கிறது. அதன் எதிரே பெல்லட் வந்தால் காட்டுமா?

ப: காட்டாது. அதற்கு ஒரு முறை ஒலி அனுப்பி அடுத்த முறை அனுப்ப 60 மில்லி விநாடி இடைவெளி வேண்டும். அதற்குள் குண்டு 10 மீட்டரைத் தாண்டிவிடும். தற்செயலாக நேரம் கூடி வந்தாலும், 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 8.6 மி.மீ.; அதில் பாதி அகலமே உள்ள குண்டிலிருந்து வரும் எதிரொலி மிகவும் நோஞ்சான். எல்லாவற்றுக்கும் மேலாக டாப்ளர் விளைவு. 170 மீட்டர் வேகத்தில் எதிரே வரும் பொருளில் பட்டுத் திரும்பும் 40 கிலோஹெர்ட்ஸ், 119 கிலோஹெர்ட்ஸாக மாறியிருக்கும். 40-க்கு மட்டுமே இசைந்து ஒலிக்கும் அந்த வாங்கிக்கு அது காதிலேயே விழாது.

கே: 300 மி.மீ. இடைவெளியில் இரண்டு அகச்சிவப்பு ஒளிக்கதவுகள் (குண்டு மறைத்தால் சமிக்ஞை தரும் எல்.இ.டி., சென்சார் ஜோடிகள்) வைத்து ஆர்டுயினோ யூனோவில் வேகமானி செய்தேன். ஒளியை உணரப் போட்டோ டிரான்சிஸ்டர், அதன் அளவைப் படிக்க அனலாக்ரீட் கட்டளை, நேரம் பார்க்க மைக்ரோஸ் கட்டளை மூன்றையும் பயன்படுத்துகிறேன். பல குண்டுகளுக்கு எண்ணே வருவதில்லை. வந்தாலும் 152 முதல் 195 வரை தாறுமாறாக வருகிறது. எல்.இ.டி.யை மாற்றிப் பார்த்துவிட்டேன். எங்கே தவறு?

ப: எல்.இ.டி. நிரபராதி. குற்றவாளி அனலாக்ரீட். யூனோவில் அது ஒரு முறை படிக்க சுமார் 110 மைக்ரோ விநாடி எடுக்கும். இரண்டு கதவுகளையும் மாறி மாறிப் படித்தால் ஒரு சுற்றுக்கு 220. ஆனால் 6 மி.மீ. நீளக் குண்டு 5 மி.மீ. அகல ஒளிக்கற்றையைக் கடக்கும் நேரம் வெறும் 65 மைக்ரோ விநாடி. அதாவது நீங்கள் பார்க்காத நேரத்திலேயே பல குண்டுகள் கடந்து போகின்றன. சிக்கிய குண்டுகளிலும் நேரம் 220 வரை முன்பின்னாக இருக்கலாம். 171 மீட்டர் வேகத்தில் 300 மி.மீ.க்கு 1754 மைக்ரோ விநாடி. அதில் 220-ஐக் கூட்டியும் கழித்தும் வேகத்தைக் கண்டுபிடியுங்கள்: 152, 196. உங்கள் எண்களேதான்.

போட்டோ டிரான்சிஸ்டரையும் எடுத்துவிடுங்கள். பெரிய லோடு ரெசிஸ்டருடன் அது மிக மந்தமாக வேலை செய்யும்; இரண்டில் ஒன்று மற்றதைவிட மந்தமாக இருந்தால் அந்த வித்தியாசமும் கணக்கில் ஏறும். பதிலாக பி.பி.டபிள்யூ.34 போட்டோ டயோடைத் தலைகீழ் பயாசில், 10 கிலோ ஓம் லோடுடன் போடுங்கள். அதிலிருந்து 10 நானோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக எல்.எம்.393 கம்பேரேட்டருக்கு (உள்ளீடு ஒரு மட்டத்தைத் தாண்டியதா என்று சொல்லும் ஐசி). கம்பேரேட்டர் பக்கம் இன்னொரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரால் பயாஸ் கொடுத்தால் சுமார் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது வடிகட்டப்படும். விளக்குகளின் 100 அல்லது 120 ஹெர்ட்ஸ் துடிப்பு அதோடு ஒழிந்தது. நேர் வெயில் மட்டும் டயோடை நிரப்பிவிடும். கறுப்புக் குழாய்க்குள் பதித்து வையுங்கள்.

இனி ஒரு சிக்கனமான வழி. எல்.எம்.393-இன் வெளியீடு ஓப்பன் கலெக்டர்: கம்பியைக் கீழே இழுக்கும், தானாக மேலே ஏற்றாது. எனவே இரண்டு கம்பேரேட்டர் வெளியீடுகளையும் ஒரே கம்பியில் கட்டி, மேலே இழுத்துப் பிடிக்க 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் (புல்-அப்) ஒன்றே போட்டு, யூனோவின் 8-ஆம் பின்னுக்குக் கொண்டுவரலாம். (அந்தப் புல்-அப்பை மறந்துவிட்டு ஐசி செத்துவிட்டது என்று தூக்கிப் போடுபவர்கள் நிறைய.) 8-ஆம் பின்தான் டைமர்-1-இன் இன்புட் கேப்சர் பின். முதல் விளிம்பு முதல் கதவு, இரண்டாம் விளிம்பு இரண்டாம் கதவு. நேரத்தைப் பிடிப்பது ஹார்டுவேர். நிரல் சாவகாசமாக வந்து படித்துக்கொள்ளலாம். கடிகாரத்தை வகுக்கும் பிரிஸ்கேலர் இல்லாமல் ஒரு டிக் 62.5 நானோ விநாடி. 16 பிட் எண்ணி 4.096 மில்லி விநாடியில் நிரம்பிவிடும் என்பதால் 73 மீட்டருக்குக் குறைந்த வேகத்துக்கு நிரம்பும் தடவைகளையும் எண்ண வேண்டும், பெல்லட்டுக்குத் தேவையில்லை.

இவ்வளவும் செய்த பிறகு மிஞ்சும் பிழை எலக்ட்ரானிக்ஸில் இல்லை, அளவுகோலில்தான் இருக்கிறது. இடைவெளியில் 1 மி.மீ. தவறு என்றால் 0.33 சதவீதம். யூனோவில் நேரம் கொடுப்பது செராமிக் ரெசனேட்டராக இருந்தால் அது இன்னொரு 0.5 சதவீதம் வரை இழுக்கும்.

கே: குண்டு காற்றில் போகும்போதே அதன் சத்தத்தை மைக்கால் பிடிக்க முடியுமா? பெரிய துப்பாக்கித் தளங்களில் இலக்கில் படும் முன்பே கண்டுபிடிப்பதாகச் சொல்கிறார்களே?

ப: எந்தக் குண்டு என்பதைப் பொறுத்தது. ஒலியை விஞ்சும் வேகத்தில் போகும் ரைஃபிள் குண்டு தன் பின்னால் கூம்பு வடிவ அதிர்ச்சி அலையை இழுத்துச் செல்லும். மைக்கைக் கடக்கும்போது அழுத்தம் சட்டென்று ஏறி, சரிந்து, மறுபடி சட்டென்று சமநிலைக்கு வரும். மொத்தமே சில நூறு மைக்ரோ விநாடிக்குள் முடிந்துவிடும். அந்த முதல் ஏற்றம் அவ்வளவு செங்குத்தாக இருப்பதால் நேரம் பிடிக்க அதைவிட நல்ல சமிக்ஞை கிடையாது. நீள்தூரத் தளங்களில் இலக்குச் சட்டத்தில் மைக் வைத்துக் கண்டுபிடிப்பது இதைத்தான். இலக்கை அடையும்போது குண்டின் வேகம் ஒலிவேகத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் அந்த இலக்கு செவிடாகிவிடும்.

ஏர் ரைஃபிள் குண்டு ஒலிவேகத்தில் பாதிதான். அதற்கு அதிர்ச்சி அலை இல்லை. காற்றில் போகும்போது அது எழுப்பும் மெல்லிய சீறல், மலிவான மைக்கின் இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். நாம் பிடிக்கக்கூடியது தாளைத் துளைக்கும் ஒலி மட்டும்.

முறையான தளத்தில் ரைஃபிள் வேகத்தை அளப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. குண்டுப் பாதைக்கு இணையாக, ஒரே பக்கவாட்டுத் தூரத்தில், 1 மீட்டர் இடைவெளியில் இரண்டு மைக் வையுங்கள். கூம்பு குண்டோடு சேர்ந்தே நகர்வதால், இரண்டு மைக்குகளுக்கும் இடையிலான நேரம் நேராகக் குண்டின் வேகத்தைத் தரும். வெப்பநிலையோ ஒலிவேகமோ கணக்கில் வரவே வராது. 800 மீட்டர் வேகத்துக்கு 1.25 மில்லி விநாடி. ஆனால் ஒரு மைக் பாதையிலிருந்து 1 செ.மீ. கூடுதலாகத் தள்ளியிருந்தால் 26 மைக்ரோ விநாடி ஏறும். அதுவே 2 சதவீதப் பிழை. நூல் கட்டி நேர் பார்க்காமல் இதில் இறங்க வேண்டாம்.

கே: மரச் சட்டத்தின் நான்கு பக்கங்களிலும் மையத்திலிருந்து 200 மி.மீ. தூரத்தில் ஒவ்வொரு மைக் வைத்து இலக்கு செய்தேன்; தாள் துளைபடும் ஒலி நான்கையும் எட்டும் நேர வித்தியாசத்திலிருந்து குண்டு பட்ட இடத்தை நிரல் கணக்கிடும். குண்டு எங்கே பட்டாலும் நடு மையத்துக்கான 10.9 புள்ளியைக் காட்டுகிறது! நிரலைப் பலமுறை சரிபார்த்துவிட்டேன்.

ப: நிரல் சரி. நீங்கள் பிடிப்பது குண்டின் சத்தத்தை அல்ல, துப்பாக்கியின் சத்தத்தை.

10 மீட்டரைக் கடக்க ஒலிக்கு 29 மில்லி விநாடி, குண்டுக்கு 59. ஒலி 30 மில்லி விநாடி முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. அதுவும் நேர் எதிரே இருந்து வருவதால் நான்கு மைக்குகளையும் ஒரே நேரத்தில் தொடுகிறது. நேர வித்தியாசம் சுழியம் என்றால் நிரலுக்கு அது மையத்தில் பட்ட குண்டு. உண்மையாகவே மையத்தில் பட்டாலும் இதே சுழியம்தான் வரும் என்பதால், நேரங்களை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க வழியே இல்லை. பக்கத்துத் தடத்தில் சுடுபவரின் சத்தமும் தொல்லைதான். அது சற்றுச் சாய்வாக வருவதால் மையத்தை விட்டு விலகி, தாளுக்குள்ளேயே ஒரு பொய்க் குண்டாகத் தெரியலாம்.

எனவே சாட்சி ஒன்று வேண்டும். குண்டு பிடிக்கும் பெட்டியின் பின்தகட்டில் அதிர்ந்தால் மின்னழுத்தம் எழுப்பும் பியசோ வில்லை ஒன்றை ஒட்டுங்கள். தாளுக்கும் தகட்டுக்கும் 50 மி.மீ. என்றால், தாள் துளைபட்ட 0.3 மில்லி விநாடியில் தகடு அதிரும். மைக்குகள் எழுந்த 2 மில்லி விநாடிக்குள், அல்லது அதற்குச் சற்று முன்னால், பியசோவும் எழுந்திருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லையேல் உடனே அழித்துவிட்டு அடுத்ததற்குத் தயாராகுங்கள். 'உடனே' என்பது முக்கியம். எதிரொலிக்குப் பயந்து 100 மில்லி விநாடி காத்திருக்கும்படி நிரல் எழுதினால், 30 மில்லி விநாடி பின்னால் வரும் நிஜக் குண்டு அந்த ஓய்வு நேரத்திலேயே விழுந்து காணாமல் போகும். நிராகரித்த சத்தத்துக்கு 10 மில்லி விநாடி போதும். நீண்ட ஓய்வு, ஏற்றுக்கொண்ட குண்டுக்குப் பிறகுதான்.

சத்தத்தை வாசலிலேயே நிறுத்துவது இன்னும் நல்லது. முன்னும் பின்னும் மெல்லிய ரப்பர் விரிப்பு, சுற்றிலும் பஞ்சு ஒட்டிய பெட்டி, மைக் நான்கும் உள்ளே. வெளிச் சத்தம் அமுங்கும், ரப்பர் துளைபடும் ஒலி உள்ளே பெரிதாகக் கேட்கும், எதிரொலியைப் பஞ்சு விழுங்கும்.

உங்கள் மரச் சட்டத்தில் இன்னொரு கோளாறும் ஒளிந்திருக்கும். 200 மி.மீ.ஐக் காற்றில் கடக்க ஒலிக்கு 583 மைக்ரோ விநாடி. மரத்தில் அது விநாடிக்கு 3000, 4000 மீட்டர் ஓடும். அதே தூரத்துக்கு 50 முதல் 67 மைக்ரோ விநாடி போதும். தாளின் அதிர்வு சட்டத்தில் ஏறிவிட்டால், காற்றில் வரும் ஒலிக்கு வெகு முன்பே மைக் எழுந்துவிடும். மைக்குகளை மரத்தில் பசை போட்டு ஒட்டாமல், பஞ்சில் துளையிட்டு மிதப்பது போல் பதியுங்கள். கம்பியையும் தளர்வாக விடுங்கள்.

ஒரே இடத்தில் பத்துக் குண்டு பட்டுத் தாளில் பெரிய ஓட்டை விழுந்த பிறகு என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். அதன் வழியே போகும் குண்டு எந்தத் தாளையும் கிழிப்பதில்லை. பின்தகட்டின் சத்தம் மட்டும் வரும். கணக்கு அதை வைத்து ஏதோ ஓர் இடத்தைச் சொல்லும். நன்றாகச் சுடுபவருக்குத்தான் இந்தத் தண்டனை அதிகம். கறுப்பு மையத்துக்குப் பின்னால் ஒரு தாள் சுருளை வைத்து, குண்டுக்கு ஒரு முறை சிறிய மோட்டாரால் நகர்த்திவிடுவதே வழி.

கே: மேலே சொன்ன இலக்குக்கு கே.ஒய்.038 ஒலி மாட்யூல் நான்கு வாங்கினால் போதுமா? என் நண்பர் மேக்ஸ்9814 நல்லது என்கிறார்.

ப: இரண்டும் வேண்டாம். முதலாவதில் மைக்குக்கும் கம்பேரேட்டருக்கும் நடுவில் பெருக்கியே இல்லை. இரண்டாவதில் தானாகப் பெருக்கத்தை மாற்றும் சுற்று இருக்கிறது. பேச்சுப் பதிவுக்கு அது வரம், நேரம் பிடிக்க அது சாபம். நான்கு மைக்கும் நான்கு விதமாகப் பெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ஏன் இவ்வளவு கறார் என்றால்: எதிரெதிர் மைக்குகளுக்கு இடையே 1 மைக்ரோ விநாடி வித்தியாசம், மையத்தருகே 0.17 மி.மீ. நகர்வு. ஏர் ரைஃபிள் இலக்கில் வளையத்துக்கு வளையம் 2.5 மி.மீ.; தசமப் புள்ளி ஒன்றுக்கு 0.25 மி.மீ. ஆக ஒன்றரை மைக்ரோ விநாடி தவறினாலே 10.4 என்பது 10.3 ஆகிவிடும். ஆனால் 10 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஒன்று சுழியத்திலிருந்து உச்சத்துக்கு ஏறவே 25 மைக்ரோ விநாடி எடுக்கும். சத்தம் பெரிதாக இருந்தால் டிரிகர் மட்டத்தை (கம்பேரேட்டர் விழித்துக்கொள்ளும் அளவை) சீக்கிரம் தாண்டும், சிறிதாக இருந்தால் தாமதமாகத் தாண்டும். தொலைவில் உள்ள மைக்குக்குச் சத்தம் குறைவு. எனவே அது எப்போதும் உள்ளதைவிடத் தொலைவாகவே தோன்றும். பலர் 'கணக்கில் ஏதோ வளைவு இருக்கிறது' என்று சூத்திரத்தை நோண்டுவது இதனால்தான்.

மருந்து: பெருக்கத்தை நன்றாக ஏற்றி, டிரிகர் மட்டத்தை இரைச்சலுக்குச் சற்று மேலே வைப்பது. எலக்ட்ரெட் மைக்குக்கு 2.2 கிலோ ஓம் வழியாக மின்சாரம். அந்தச் சப்ளைக்குத் தனியாக 1 கிலோ ஓம், 47 மைக்ரோஃபாரட் வடிகட்டி. அடுத்து 10 நானோஃபாரடும் 10 கிலோ ஓமும். பிறகு 100 மடங்கு பெருக்கம். இங்கே எல்.எம்.358 போடாதீர்கள், 100 மடங்கில் அது 10 கிலோஹெர்ட்ஸைத் தாண்டாது. எம்.சி.பி.6022 நூறு கிலோஹெர்ட்ஸ் வரை போகும். கடைசியில் எல்.எம்.339, ஒரே ஐசியில் நான்கு கம்பேரேட்டர். வெளியீட்டிலிருந்து பிளஸ் உள்ளீட்டுக்கு 1 மெகா ஓம், அந்த உள்ளீட்டில் 10 கிலோ ஓம் என்றால் 5 வோல்ட்டில் சுமார் 50 மில்லிவோல்ட் ஹிஸ்டெரிசிஸ் (ஏறும் மட்டத்துக்கும் இறங்கும் மட்டத்துக்கும் இடைவெளி) கிடைக்கும், வெளியீடு துடிதுடிக்காது. ரெசிஸ்டர்கள் 1 சதவீத வகை. மைக்குகளைப் பத்து வாங்கி, ஒரே சத்தத்துக்கு ஒத்த அளவு தரும் நான்கைப் பொறுக்கிக்கொள்வது எந்த விலையுயர்ந்த ஐசியையும்விடப் பலன் தரும்.

கே: என் நான்கு மைக் இலக்கு காலையில் சரியாக இருக்கிறது. மதியம் ஓரத்தில் பட்ட குண்டுகள் மட்டும் அரை மில்லிமீட்டர் உள்ளே தள்ளித் தெரிகின்றன. மையத்தில் பட்டவை சரியாகவே இருக்கின்றன.

ப: வெப்பநிலை. ஒரு டிகிரிக்கு ஒலிவேகம் 0.18 சதவீதம் மாறும். நிரலில் ஒலிவேகத்தை மாறா எண்ணாக எழுதிவிட்டால், அந்தப் பிழை மையத்திலிருந்து குண்டு எவ்வளவு தூரமோ அவ்வளவுக்கு விகிதமாகத் தெரியும். 15 டிகிரி ஏறினால் 2.6 சதவீதம், 20 மி.மீ. தள்ளிப் பட்ட குண்டில் அரை மில்லிமீட்டர். மையத்தில் வித்தியாசமே சுழியம் என்பதால் அங்கே பிழையும் சுழியம்.

டி.எஸ்.18பி20 வெப்பநிலை சென்சார் ஒன்றை மைக்குகள் இருக்கும் அதே காற்றில் தொங்கவிடுங்கள். 12 பிட்டில் அதற்கு 750 மில்லி விநாடி பிடிக்கும் என்பதால் சுடும் நேரத்தில் கேட்காமல் இடைவேளையில் படித்து வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது மைக்கின் உபரித் தகவலிலிருந்து ஒலிவேகத்தையே கண்டுபிடிக்கலாமே என்று சிலர் முயல்வதுண்டு. மையத்தருகே எல்லா வித்தியாசமும் சுழியம். சுழியத்திலிருந்து எந்த வேகத்தையும் பிரித்தெடுக்க முடியாது. சூடாகும் விளக்கு மேல்பக்கம் இருந்தால் மேல் பாதிக் காற்று மட்டும் சூடேறி குண்டுகள் பட்டதாகக் காட்டும் இடங்கள் மொத்தமும் நகரும், எல்.இ.டி. விளக்குக்கு மாறுங்கள்.

திறந்த வெளியில் வைக்கும் எண்ணம் இருந்தால் காற்றையும் கவனியுங்கள். இலக்கின் குறுக்கே விநாடிக்கு 5 மீட்டர் காற்று வீசினால் மையத்தில் பட்ட குண்டே 2.9 மி.மீ. நகர்ந்து தெரியும். ஒரு வளையத்துக்கு மேல். மூடிய பெட்டிக்கு இதுவே போதுமான காரணம்.

கே: நான்கு நேரங்களையும் பிடிக்க எந்த போர்டு? யூனோவில் நான்கு இன்டரப்ட் (நடக்கும் வேலையை நிறுத்திக் கவனிக்க வைக்கும் அழைப்பு) வைத்தால் நடக்காதா?

ப: நடக்கும், நன்றாக நடக்காது. ஒரு இன்டரப்டுக்குள் இருக்கும்போது அடுத்தது வந்தால் காத்திருக்க வேண்டும். மையத்தில் பட்ட குண்டுக்கு நான்கும் ஒன்றாக வரும். எந்தக் குண்டைத் துல்லியமாக அளக்க வேண்டுமோ அதில்தான் பிழை அதிகம். யூனோவில் இன்புட் கேப்சர் ஒன்றே ஒன்று.

எஸ்.டி.எம்.32எஃப்103 வைத்த ப்ளூ பில் போர்டில் ஒரே டைமருக்கு நான்கு கேப்சர் சேனல்கள் உண்டு. நான்கும் ஒரே கடிகாரத்தைப் பார்ப்பதால் ஒப்பிடுவதில் வம்பே இல்லை. 72 மெகாஹெர்ட்ஸை அப்படியே விட்டால் 16 பிட் 0.91 மில்லி விநாடியில் நிரம்பிவிடும். எட்டால் வகுத்து 9 மெகாஹெர்ட்ஸில் ஓட்டுங்கள். ஒரு டிக் 0.11 மைக்ரோ விநாடி, நிரம்ப 7.3 மில்லி விநாடி. கம்பேரேட்டரின் புல்-அப்பை 3.3 வோல்ட்டுக்குக் கட்டுங்கள். முதல் கேப்சருக்குப் பின் வரும் எதிரொலி அந்த எண்ணை மேலெழுதிவிடாமல், ஒரு சேனல் பிடித்ததும் அதை நிரலில் பூட்டிவிடுங்கள்.

ஐ.என்.எம்.பி.441 போன்ற டிஜிட்டல் மைக் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மாதிரி என்பது காற்றில் 7 மி.மீ. தூரம். அலைகளை ஒன்றோடொன்று பொருத்தி இடைநிலை காணும் கணக்கு தெரிந்தால் இறங்கலாம். தொடங்குபவர்களுக்கு கம்பேரேட்டரே நல்லது.

கே: இரும்பு இலக்கில் ஒட்டிய பியசோ, ஆர்டுயினோவின் பின்னை எரித்துவிட்டது. சின்ன வில்லை இவ்வளவு செய்யுமா?

ப: செய்யும். பலமாகத் தட்டினால் பியசோ பல பத்து வோல்ட் எழுப்பும். வில்லைக்கு இணையாக 1 மெகா ஓம், தொடராக 10 கிலோ ஓம், பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 5.1 வோல்ட்டுக்கு மேல் ஏறவிடாத ஜீனர் டயோடு. ஜீனர் எதிர்மறைப் பாதியையும் 0.7 வோல்ட்டோடு நிறுத்திவிடும். வில்லையைக் குண்டு படும் பக்கத்தின் பின்புறம், நடுவை விட்டு ஓரமாக எபாக்ஸியால் ஒட்டுங்கள். சூடான பசை சில நாளில் உரிந்து வரும். கம்பியைத் தகட்டோடு கட்டி வைக்காவிட்டால் சாலிடர்தான் முதலில் விடும்.

கே: பாட்மின்டன் ஷட்டிலின் வேகத்தை முதல் கேள்வியில் சொன்ன மைக் முறையில் அளக்கலாமா?

ப: எண் வரும், பொருள் இருக்காது. 2023-இல் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கி.மீ. என்று கின்னஸில் பதிவானது. விநாடிக்கு 157 மீட்டர், கிட்டத்தட்ட நம் பெல்லட். ஆனால் அது மட்டையை விட்டுக் கிளம்பும் கணத்து வேகம். இறகு காற்றைப் பிடிப்பதால் சில மீட்டருக்குள் பெரும்பகுதி கரைந்துவிடும். தரையில் விழும் சத்தம் வரை அளந்த சராசரிக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தம் இருக்காது. இதற்கு அதிவேகக் கேமராவோ ரேடாரோதான். அம்புக்கு மைக் முறை நன்றாகவே ஒத்துவரும். நாண் விடுபடும் ஒலியும் இலக்கில் குத்தும் ஒலியும் தெளிவாகப் பிரிந்து கேட்கும்.

கே: சுடாமலே மேசையில் வைத்து நான்கு மைக் இலக்கைச் சோதிக்க முடியுமா?

ப: பாதி முடியும். முதலில் மைக்குகளைக் கழற்றிவிட்டு, ஒரே சிக்னல் ஜெனரேட்டரின் சிறிய துடிப்பை நான்கு பெருக்கிகளின் உள்ளீட்டுக்கும் சேர்த்துக் கொடுங்கள். நான்கு நேரங்களும் அரை மைக்ரோ விநாடிக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒரு சேனல் மட்டும் தள்ளியிருந்தால் அதன் கெப்பாசிட்டரையோ டிரிகர் மட்டத்தையோ பாருங்கள்.

பிறகு மைக்குகளை மாட்டி, விறைப்பான தாளில் குறித்த புள்ளிகளில் கூரிய ஊசியால் சடக்கென்று குத்திப் பாருங்கள். குண்டைவிட ஒலி மெதுவாக ஏறும் என்பதால் தசமம் வரை நம்பக்கூடாது. இடமும் வலமும் மாறியிருக்கிறதா, மேலும் கீழும் தலைகீழா, ஏதாவது மைக் ஊமையா என்பவை தெரிந்துவிடும்.

மீதிப் பாதிக்குச் சுட்டே ஆக வேண்டும். புதுத் தாளில், ஓட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல், இருபது குண்டு பரவலாகச் சுடுங்கள். தாளை ஸ்கேன் செய்து ஓட்டைகளின் மையத்தை அளந்து, கருவி சொன்ன இடங்களோடு ஒப்பிடுங்கள். எல்லாம் ஒரே திசையில் ஒரே அளவு தள்ளியிருந்தால் அது மைக் பொருத்திய இடத்தின் பிழை; சராசரியைக் கழித்துவிடலாம். மையத்திலிருந்து விலக விலகப் பிழை கூடினால் ஒலிவேகத்தையோ, தாளுக்கும் மைக் தளத்துக்கும் இடையிலுள்ள ஆழத்தைக் கணக்கில் விட்டுவிட்டதையோ சந்தேகியுங்கள். எந்த ஒழுங்கும் இல்லாமல் சிதறினால் டிரிகர் மட்டத்துக்கும் மரச் சட்டத்துக்கும் திரும்பிப் போங்கள்.